கடிதத்தோடு வரும் கேடு

வெளியூரிலிருந்து வரும் நூல் சிப்பத்தைப் பிரித்துப் பாராமல் கிடங்கில் அடுக்குவது நம் வழக்கமன்று. ஆயினும் மின்னஞ்சலோடு வரும் இணைப்புக் கோப்பை, அனுப்பியவர் பெயரை மட்டும் நம்பி உடனே திறந்துவிடுவோர் பலர். சங்கத்தின் வரவு செலவும் கூலிக் கணக்கும் பங்குப் பதிவேடும் உள்ள கணினிக்கு இதனால் விளையும் அபாயம் சிறிதன்று.

1999 மார்ச்சில் பரவிய ‘மெலிஸா’ வைரஸ், வேர்டு கோப்பில் ஒளிந்து வந்தது. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் 50 முகவரிகளுக்கு அது தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’, காதற் கடிதமென வேடமிட்டு உலகெங்கும் பரவியது. இரண்டும் பெரும்பாலோருக்குத் தெரிந்தவர் பெயரிலேயே வந்தன என்பது கவனிக்கத்தக்கது.

இத்தகைய கேட்டைத் தடுக்கவே, மின்னஞ்சல் மென்பொருளோடு வைரஸ் தடுப்புச் செருகுநிரல் என்னும் துணைக் கருவியை இணைக்கின்றனர். அது வரும் கோப்பைத் தான் அறிந்த வைரஸ்களின் அடையாளங்களோடு ஒப்பிட்டு, ஐயத்திற்குரியதைத் தனியே ஒதுக்கி வைக்கும். தராசைப் படிக்கல் இட்டுச் சோதிப்பது போல, இக்கருவியைச் சோதிக்க ‘ஐகார்’ என்னும் 68 எழுத்துக்கள் கொண்ட தீங்கற்ற கோப்பு உண்டு.

இங்கு ஒரு நுட்பம் அறிய வேண்டும். தண்டர்பேர்டு போன்ற மென்பொருள், ஓர் உறையிலுள்ள கடிதங்கள் அனைத்தையும் வழக்கமாக ஒரே கோப்பாகச் சேமிக்கிறது. அதில் ஒரு கடிதம் கெட்டிருப்பினும், தடுப்புக் கருவி முழுக் கோப்பையும் அகற்றிவிட, நல்ல கடிதங்களும் மறையக்கூடும். ஒரு சொத்தைக் காய்க்காக மூட்டை முழுவதையும் எறிவதற்கு இது ஒப்பாகும். ஆகவே, வரும் கடிதங்களைத் தனித்தனியே ஒதுக்க இடமளிக்கும் அமைப்பை அம்மென்பொருளில் தேர்ந்து வைக்க வேண்டும். கடிதங்களுக்கு வேறோர் இடத்தில் படியும் வைத்திருக்க வேண்டும்.

கருவியே முழுக் காவலாகாது. கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய கோப்பினுள் அதனால் சாதாரணமாகப் பார்க்க இயலாது. புதிதாகத் தோன்றிய வைரஸ் அதன் பட்டியலில் இராது. எனவே பட்டியலை நாள்தோறும் புதுப்பித்தல் அவசியம். எதிர்பாராத பட்டியற்சீட்டோ விலைப்புள்ளியோ வந்தால், அக்கடிதத்திலுள்ள எண்ணை விடுத்து, நம் பதிவேட்டிலுள்ள எண்ணில் அனுப்பியவரை அழைத்து வினவுக. அவர் ‘ஆம்’ என்ற பின்னரே கோப்பைத் திறப்பது என்னும் ஒழுங்கை ஒவ்வொரு சங்க அலுவலகமும் மேற்கொள்ளுதல் நலம்.