கொருக்குப்பேட்டைக்கு எத்தனை காவல்?

கொருக்குப்பேட்டை ரயில்வே ஸ்டேஷனில் எண்ணூர் மார்க்கமாகச் செல்லும் வண்டியில் ஏறி அமருகிறவர்கள், தாங்கள் எத்தனை போலீஸ் எல்லைகளைக் கடந்து போகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஸ்டேஷன் வாசல் வரையில் அவர்கள் சென்னைப் போலீஸ் கமிஷனரின் பாதுகாப்பில் இருக்கிறார்கள். பிளாட்பாரத்தில் கால் வைத்தவுடன் மாநில சர்க்காரின் ரயில்வே போலீஸாருடைய எல்லை வந்துவிடுகிறது. அதே பிளாட்பாரத்தில், ரயில்வே சொத்தையும் பிரயாணிகளையும் காப்பதற்கென்று மத்திய சர்க்காரின் ரயில்வே பாதுகாப்புப் படையினரும் நிற்கிறார்கள். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாவற்றையும் தாண்டி எண்ணூரில் இறங்கினால் அங்கே வேறொரு கமிஷனர். 2022 ஜனவரி 1-ஆம் தேதி ஏற்பட்ட ஆவடிக் கமிஷனரகத்தோடு எண்ணூர் சேர்க்கப்பட்டது. பத்து மைலுக்கும் குறைந்த பிரயாணத்தில் நான்கு காவல்கள்!

இத்தனை காவல் இருக்கும்போது கவலை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். கவலை அங்கேதான் ஆரம்பமாகிறது. ஓடும் வண்டியில் ஒரு பெண்மணியின் கழுத்துச் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு, வண்டி நிதானப்படும் சமயத்தில் குதித்து, தண்டவாளத்தைத் தாண்டிச் சந்து ஒன்றில் மறைந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். குற்றம் நடந்தது வண்டியில். திருடன் ஒளிந்தது தெருவில். அந்த அம்மாளின் ஜாகையோ மூன்றாவது ஓர் இடத்தில். அவள் யாரிடம் போய் முறையிடுவது? “இது எங்கள் எல்லை அல்ல” என்ற ஒரே வாக்கியம் நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்களை வெயிலில் அலைக்கழித்திருக்கிறது.

போலீஸ் இலாகாவைச் சீர்திருத்த வேண்டும் என்று சர்க்கார் நினைக்கும்போதெல்லாம் இரண்டு வழிகளில் ஒன்று கையாளப்படுகிறது. ஒன்று, சிறு படைகளைச் சேர்த்துப் பெரிதாக்குவது. மற்றொன்று, பெரிய படையைப் பிரித்துச் சிறிதாக்குவது. சென்னையில் சுமார் பதினான்கு வருஷங்களுக்குள் இரண்டையும் பார்த்துவிட்டோம். சேர்ப்பதும் பிரிப்பதும் முறையிட வருகிறவனுக்கு என்ன செய்கின்றன என்பதே நாம் இங்கே ஆராய விரும்பும் விஷயம்.

பழைய காவல்

போலீஸ் என்ற பெயர் வருவதற்கு முன்பே நம் நாட்டில் காவல் இருந்தது. கிராமத்துக்குத் தலையாரி இருந்தான். தென்பாண்டிச் சீமையில் ஓர் ஊரின் காவலுக்கு ஸ்தலகாவல் என்றும், பல ஊர்களும் வழிகளும் சேர்ந்த பிரதேசத்தின் காவலுக்குத் தேசகாவல் என்றும் பெயர். குடிகள் காவல்காரருக்குத் தானியமாகவோ பணமாகவோ சுதந்திரம் கொடுப்பார்கள். களவு போன பொருளைக் காவல்காரர் மீட்டுத் தரவேண்டும். மீட்க முடியாவிட்டால் நஷ்டத்தை ஈடு செய்யவேண்டும். இதுவே அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

கும்பெனியார் காலத்துச் சென்னப்பட்டணத்திலும் வழக்கம் இதுதான். பெத்த நாயக்கர் என்ற பட்டம் பெற்ற காவல் தலைவர் பரம்பரை உரிமையாகத் தம் ஆட்களைக் கொண்டு பட்டணத்தைக் காத்து வந்தார். அதற்காகச் சில வரவுகள் அவருக்கு உண்டு. திருட்டுப் போனால் ஈடு செய்யும் பொறுப்பும் அவருக்கு உண்டு. பெத்துநாயக்கன்பேட்டை என்ற பெயர் அந்தக் காவலின் நினைவாக இன்றும் நிலைத்திருக்கிறது.

இதைப் பொற்காலம் என்று சொல்ல நாம் தயாராக இல்லை. களவு போன மாட்டைக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்குத் துப்புக்கூலி என்று ஒன்று வாங்குவார்கள். மாட்டை ஓட்டிச் சென்றவனும் துப்புக்கூலி வாங்கியவனும் சில சமயம் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தார்கள்! ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அந்தக் காவல்காரனுக்கு ஊரில் ஒவ்வொரு வீடும் தெரியும்; ஊராருக்கும் அவன் வீடு தெரியும். பொருள் போனால் யார் வாசலில் போய் நிற்பது என்ற சந்தேகம் எவருக்கும் எழவில்லை.

ஒரே உடுப்பு, ஒரே சட்டம்

பாளையக்காரர் யுத்தங்கள் 1801-இல் முடிந்ததும், கும்பெனியார் பாளையக்காரரின் ஆயுதங்களைப் பறித்தார்கள். அவர்களுடைய காவல் அதிகாரமும் போயிற்று. 1816-இல் ஏற்பட்ட சட்டங்களின்படி ஜில்லா கலெக்டரும், அவருக்குக் கீழே தாசில்தாரும், கிராம முன்சீபும் போலீஸ் வேலையைச் சேர்த்துப் பார்த்தார்கள். வரி தண்டுகிற கையும் குற்றவாளியைப் பிடிக்கிற கையும் ஒன்றாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் அடங்கிய சித்திரவதை விசாரணைக் கமிஷன் 1855-இல் வெளியிட்ட அறிக்கை, வரி வசூலுக்கும் குற்ற ஒப்புதலுக்கும் குடிகள் வதைக்கப்பட்டதை வெட்டவெளிச்சமாக்கியது.

அதன் விளைவாகவே இன்றைய போலீஸ் பிறந்தது. 1856-ஆம் வருஷத்துச் சட்டத்தால் சென்னைப் பட்டணத்துக்கு ஒரு கமிஷனர் ஏற்பட்டார். பௌல்டர்சன் என்பவர் முதல் கமிஷனர். 1859-ஆம் வருஷத்து 24-வது சட்டம் ஜில்லாக்களின் போலீஸைத் தனி இலாகாவாக்கியது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவர். இந்தியாவின் மற்றப் பகுதிகளுக்கு உரிய 1861-ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டத்துக்கு இரண்டு வருஷம் முந்தியது நம் ராஜதானியின் சட்டம். பல விதமான காவல்கள் கரைந்து, மாதச் சம்பளமும் ஒரே உடுப்பும் ஒரே சட்டமும் கொண்ட படை தோன்றியது.

இதனால் விளைந்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. துப்புக்கூலியும் பரம்பரைப் பாத்தியமும் சட்டத்தில் இடம் இழந்தன. ஆனால் காவல்காரனின் முகம் திரும்பிவிட்டது. முன்பு அவன் ஊராருக்குப் பதில் சொன்னான்; இப்போது மேலதிகாரிக்கு மட்டும் பதில் சொன்னான். மேலதிகாரியோ அந்நிய சர்க்காருக்குப் பதில் சொன்னார். 1921-இல் கொருக்குப்பேட்டைக்கு அருகிலுள்ள பெரம்பூர் வட்டாரத்தில், பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் துப்பாக்கி யார் பக்கம் நின்று வெடித்தது என்பதை வடசென்னைத் தொழிலாளர் குடும்பங்கள் எளிதில் மறந்துவிடவில்லை.

சுதந்திரம் வந்தபின் இணைப்புக்கு வேறு பொருள் பிறந்தது. 1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. இப்படிச் சமஸ்தானங்கள் சேர்ந்தபோது எல்லைகள் அழிந்தது பிரஜைகளின் பெயரால். ஆகவே அதன் பலனும் பிரஜைகளுக்கே சேரவேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

சேர்த்ததும் பிரித்ததும்

இனி நம் காலத்துக்கு வருவோம். 2008-இல் சென்னையைச் சுற்றியுள்ள பகுதிகளுக்கென்று புறநகர்க் கமிஷனரகம் ஒன்று தனியே அமைக்கப்பட்டது. 2011-இல் ஆட்சி மாறியதும் அது மீண்டும் பட்டணத்துப் போலீஸோடு இணைக்கப்பட்டது. அதே வருஷத்தில் சென்னை மாநகராட்சியும் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் முதலிய ஊர்கள் அதில் அடங்கின. 2018-இல் சென்னை ஜில்லாவின் எல்லையும் அவ்வாறே விரிவாயிற்று. மாநகராட்சி, ஜில்லா, போலீஸ் மூன்றும் ஏறக்குறைய ஒரே வட்டத்துக்குள் வந்துவிட்டன என்று தோன்றியது.

2022-இல் மறுபடியும் பிரிவினை. சென்னைக்கு 104 போலீஸ் ஸ்டேஷன்கள், ஆவடிக்கு 25, தாம்பரத்துக்கு 20 என்று பங்கீடு நடந்தது. கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் சென்னையோடு நின்றது. எண்ணூர் ஆவடிக்குச் சென்றது. எண்ணூர்க் குடும்பம் ஒன்று வீட்டு வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு. மனுக் கொடுப்பது சென்னை கலெக்டருக்கு. போலீஸ் கமிஷனரை நாடினால் மட்டும் ஆவடிக்குப் போகவேண்டும் என்ற நிலை இதனால் உண்டாயிற்று. கொருக்குப்பேட்டையில் உள்ள கத்திவாக்கம் நெடுஞ்சாலை எந்த ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த ஊரே வேறொரு கமிஷனரின் பொறுப்பாகிவிட்டது.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சேர்க்க வேண்டும் என்பவர்கள் சொல்வது: திருடன் எல்லை பார்த்து ஓடுவதில்லை, பதிவேடும் ரேடியோவும் ஒன்றாக இருந்தால் அவனைத் துரத்துவது எளிது, கணினி வழி மோசடி போன்ற புதுக் குற்றங்களை ஆராய நிபுணர்களைச் சின்னப் படையால் வைத்துக்கொள்ள இயலாது. பிரிக்க வேண்டும் என்பவர்கள் சொல்வது: ஜனத்தொகை பெருகிவிட்டது, வேப்பேரியில் உட்கார்ந்திருக்கும் ஒரே கமிஷனரால் எல்லா மூலைகளையும் நேரில் கவனிக்க முடியாது, அதிகாரி அருகில் இருந்தால் ஸ்டேஷன் ஒழுங்காக நடக்கும்.

இரண்டு வாதங்களும் அதிகாரியின் நாற்காலியிலிருந்து பார்க்கும் வாதங்கள். ஜனங்களின் பக்கமிருந்து பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு, எண்ணூரில் கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அமோனியா வாயு கசிந்து, பெரியகுப்பம் முதலிய கடலோரக் குப்பங்களின் ஜனங்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு வெளியேறினார்கள். அப்படிப்பட்ட இரவில் எந்தக் கமிஷனரின் எல்லை என்று எவரும் விசாரித்துக்கொண்டு நிற்கமுடியாது. வாயுவுக்கு எல்லைக் கல் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லவும், தெருவைக் காலி செய்யவும், வயோதிகர்களைத் தூக்கிச் செல்லவும் அந்தத் தெருவை அறிந்த போலீஸ்காரரே தேவை.

ஸ்காட்லாந்து கற்ற பாடம்

படைகளை ஒன்றாக்கிய தேசங்களில் ஸ்காட்லாந்தின் அனுபவம் நமக்கு உபயோகமானது. அங்கே 2013 ஏப்ரல் 1-ஆம் தேதி எட்டுப் பிராந்தியப் போலீஸ் படைகள் ஒன்றாக்கப்பட்டன. செலவு குறையும், திறமை கூடும் என்று எதிர்பார்த்தார்கள். தகவல் பெறும் நிலையங்களும் குறைக்கப்பட்டு, பெரிய நிலையங்களில் சேர்க்கப்பட்டன. 2015 ஜூலையில் ஒரு ராஜபாட்டையின் ஓரத்தில் கார் ஒன்று சரிந்து கிடப்பதாக ஒருவர் டெலிபோனில் அறிவித்தார். அந்தத் தகவல் நிலையத்தில் முறைப்படி பதிவாகவில்லை. ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. மூன்று நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது உள்ளே ஒருவர் இறந்து கிடந்தார். குற்றுயிராக இருந்த மற்றொருவர் பின்னர் ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். 2021-இல் நியாயஸ்தலம் அந்தப் போலீஸ் படைக்கே 1,00,000 பவுன் அபராதம் விதித்தது.

இணைப்பே கெடுதல் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. ஸ்காட்லாந்தில் மீண்டும் எட்டாகப் பிரிக்கவில்லை. அவர்கள் கண்டது வேறு: படை பெரிதாகும்போது, கேட்கும் காதையும் பெரிதாக்கவேண்டும். லண்டன் மாநகரத்திலோ, 1829-இல் ஏற்பட்ட பெரிய போலீஸ் படைக்கு நடுவே, பழைய நகரப் பகுதிக்கென்று ஒரு சிறிய போலீஸ் படை இன்றும் தனியாக இருந்து வருகிறது. ஒன்றா, பலவா என்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை என்பதற்கு இந்த இரண்டு உதாரணங்களே போதும்.

எல்லையைத் தாண்டும் உரிமை

நம் தேசத்தில் சட்டம் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் அதை அறிந்திருப்பது அவசியம். போலீஸ் நேரே விசாரிக்கக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆகவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டத்தின் 173-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். அதை எழுதிக்கொண்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்புவது போலீஸாரின் வேலை. முறையிட வந்தவரை அனுப்புவது அல்ல.

வாய்மொழியாகச் சொன்னால் எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். மின்னஞ்சல் போன்ற வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். பதிவான அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவேண்டும். ஸ்டேஷனில் மறுத்தால் உயர் அதிகாரிக்குத் தபாலில் எழுதலாம். அங்கும் பலனில்லையேல் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். விசாரணையின் நிலைமையை 90 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது.

ஆகவே ரயிலில் சங்கிலியை இழந்த அந்த அம்மாள் கொருக்குப்பேட்டைப் போலீஸ் ஸ்டேஷனில் சொன்னாலும் சரி, எண்ணூரில் சொன்னாலும் சரி, எழுதிக்கொள்ள வேண்டியது அங்கே உள்ளவரின் கடமை. ஏட்டில் இருக்கும் இந்த உரிமை ஸ்டேஷன் மேஜைக்கு வந்து சேருவது அதைக் கேட்கத் தெரிந்தவர்களின் தொகையைப் பொறுத்திருக்கிறது. படித்த குடும்பத்தார் தங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும், எதிர்வீட்டு மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும் இதை எடுத்துச் சொல்லவேண்டும்.

சர்க்காருக்கும் ஒரு கடமை பாக்கி இருக்கிறது. 2006 செப்டம்பர் 22-ஆம் தேதி பிரகாஷ் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய தீர்ப்பில், போலீஸார் மீதான முறையீடுகளை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் தனிச் சபை வேண்டும் என்று விதித்தது. தமிழ்நாட்டில் 2013-இல் இயற்றிய சட்டமோ அந்தத் தலைமையை உள்துறைச் செயலாளருக்குக் கொடுத்தது. போலீஸ் இலாகாவை நடத்துகிறவரே அதன்மீது வரும் முறையீட்டையும் கேட்பது எவ்விதம் பொருந்தும்?

பெத்த நாயக்கரின் காலத்துக்குத் திரும்பிப் போக யாரும் விரும்பவில்லை. ஆனால் களவு போனால் பதில் சொல்லும் கடமை காவல்காரனைச் சேர்ந்தது என்ற அந்தப் பழைய தர்மம், எத்தனை இணைப்பு வந்தாலும் எத்தனை பிரிவினை வந்தாலும் போகலாகாது. எல்லைகளைச் சர்க்கார் எப்படி வேண்டுமானாலும் வரைந்துகொள்ளட்டும். அந்தக் கோடு முறையிட வரும் ஏழையின் வழியை மறிக்காமல் இருந்தால், அதையே நாம் சீர்திருத்தம் என்று ஒப்புக்கொள்வோம்.