பழகிப்போன ஆபத்துக்குப் பழக்கமே மருந்து

புது வண்டி வாங்கினால், சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஓட்டத் தொடங்குகிறோம். சாலையில் ஆபத்து உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், ஒரு மாதம் போனதும் ஹெல்மெட் கண்ணாடியில் தொங்குகிறது, அல்லது பெட்ரோல் டேங்க் மேல் ஏறிவிடுகிறது. போலீஸ்காரர் கண்ணில் பட்டால் மட்டும் தலைக்கு வருகிறது. பழத்தின் வழியாகவும் பரவக்கூடிய நிபா காய்ச்சல் வந்திருக்கிறது என்று செய்தி வந்ததும் பழக்கடைப் பக்கமே போகாத வீடுகளிலும் இதே நிலைதான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 50,029 பேர் ஹெல்மெட் அணியாமல் சென்றவர்கள்.

பயம் ஏன் வருவதில்லை?

எதற்குப் பயப்படுகிறோம் என்பதை அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் ஆராய்ந்து 1987-ல் எழுதினார். புதிதாக வருவது, கண்ணுக்குத் தெரியாதது, ஒரே நேரத்தில் பலரைக் கொல்லக்கூடியது, நம் கட்டுப்பாட்டில் இல்லாதது ஆகியவை நம்மை அதிகம் அச்சுறுத்துகின்றன. இருசக்கர வாகனம் இவை எதிலும் சேராது. தினமும் ஓட்டுகிறோம், ஹேண்டில்பார் நம் கையில் இருக்கிறது, விபத்தில் ஒருவர் இறந்தால் அது உள்ளூர்ச் செய்தியோடு முடிந்துவிடுகிறது.

ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பும் ஒவ்வொரு நாளும் இந்த அலட்சியத்தை வளர்க்கிறது. "இத்தனை வருஷமா ஓட்டுறேன்", "பக்கத்துத் தெருவுக்குத்தானே", "விதி இருந்தா எப்படியும் போகும்" என்ற பேச்செல்லாம் அப்படி வந்ததுதான். எதிரே வரும் லாரிக்கும் குறுக்கே ஓடும் நாய்க்கும் நம் அனுபவம் தெரியாது.

தலைக்குள் என்ன நடக்கிறது?

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்புச் சுவரில் மோதுவது, சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். மண்டையோடு சட்டென நின்றாலும், உள்ளே திரவத்தில் மிதக்கும் மூளை நிற்காமல் எலும்பில் மோதுகிறது. மூளைத் திசு கன்றிப் போகலாம். ரத்தக் குழாய்கள் கிழிந்து உள்ளே ரத்தம் கட்டலாம்.

ஹெல்மெட்டின் உள்ளே தெர்மாகோல் போன்ற தடித்த அடுக்கு இருக்கும். மோதும்போது அது நசுங்கி, அதிர்ச்சியைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை, ஹெல்மெட் இறப்பு அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் குறைப்பதாகச் சொல்கிறது.

வழக்கமான சாக்குகள்

"முடி கொட்டும்": வியர்வையும் அழுக்கும் சேராமல் பார்த்துக்கொண்டால் போதும். மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டின் உள்துணியை அவ்வப்போது துவைத்துக் காயவையுங்கள்.

"பின்னாடி உட்கார்றவங்களுக்கு எதுக்கு?": 2022-ல் ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்களில் 14,337 பேர் பின்னிருக்கையில் இருந்தவர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, பின்னால் அமர்பவருக்கும் நான்கு வயதைக் கடந்த குழந்தைக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. அப்பா ஹெல்மெட் போட்டிருக்க, அம்மாவும் பிள்ளையும் வெறுந்தலையோடு போவது எந்த வகையில் பாதுகாப்பு?

வாங்கும்போது கவனியுங்கள்

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. தாடைப் பட்டையை மாட்டாவிட்டால், மோதிய உடனே ஹெல்மெட் கழன்று பறந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உள் அடுக்கு நசுங்கியிருக்கும்.

அடிபட்டால்

உடனே 108-ஐ அழையுங்கள். அடிபட்டவருக்குத் தண்ணீரோ சோடாவோ கொடுக்காதீர்கள். கழுத்தில் அடிபட்டிருக்கலாம் என்பதால் தூக்கி உட்காரவைப்பதும், ஹெல்மெட்டைப் பிடித்து இழுப்பதும் கூடாது. உதவுபவருக்கு வழக்குத் தொல்லை வராமல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் பாதுகாப்பு தருகிறது.

சிலர் விழுந்ததும் எழுந்து நன்றாகப் பேசுவார்கள். ஆனால், தலைக்குள் ரத்தம் கசிந்து, சில மணி நேரத்தில் மயங்குவார்கள். தொடர்ந்து வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, அதிகத் தூக்கம், குழப்பமான பேச்சு, வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது நீர் வடிதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குத் தாமதிக்காமல் செல்லுங்கள்.

பழக்கமாக்குவோம்

பழகிய ஆபத்தைப் பார்த்துப் பயம் தானாக வராது. அதனால், பயத்தை நம்பாமல் பழக்கத்தை நம்ப வேண்டும். வண்டிச் சாவியை ஹெல்மெட்டுக்குள்ளேயே வையுங்கள். பால் வாங்கப் போனாலும் தாடைப் பட்டையை மாட்டிய பிறகே வண்டியைக் கிளப்புங்கள். வீட்டில் எத்தனை பேர் வண்டியில் ஏறுகிறார்களோ, அத்தனை ஹெல்மெட் வாங்குங்கள். இன்று பின்னால் உட்கார்ந்து பார்க்கும் குழந்தை, நாளை வண்டி ஓட்டும்போது நாம் செய்ததைத்தான் செய்யும்.