உறங்கும் செயலியும் தவறிய அழைப்பும்

கிளியனூர்ப் பக்கத்து மாணவர்க்கு மரக்காணத்து உப்பளம் புதிதன்று. பாத்தியில் உப்பு வாருகின்றவன், மழை வருகிறதென்று எவரேனும் கூவக் கேட்டால், கைப்பலகையை அவ்விடத்தே வைத்துவிட்டுக் குவியலை ஓலையால் மூடச் செல்வான்; மூடியபின் விட்ட இடத்திலிருந்தே தொடங்குவான். கணிப்பொறியின் செயலிக்கு வரும் குறுக்கீடும் இத்தகையதே. விசை தட்டப்பட்டது, செய்தி வந்தது, நேரம் முடிந்தது என்று கருவிகள் கூவும். இடையிற் கலைக்கலாகாத நுண்வேலையில் இருக்குங்கால் செயலி தன் செவியை அடைத்துக்கொள்ளவும் வல்லது.

இனி, மெய்நிகர்ப் பொறியாவது யாது? ஒரு மெய்ப்பொறிக்குள் நிரலாலேயே ஆக்கப்பட்ட மற்றொரு பொறி என்க. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960-களிலேயே இதனைச் செய்துகாட்டினர். உட்பொறிக்குரிய கூவலை மேற்பார்வை நிரல் கேட்டுச் சொல்லவேண்டும். செவி அடைத்திருக்கையிற் சொன்னால் உட்பொறியின் வேலை குலையும். சொல்ல மறந்தாலோ அது வாராத செய்திக்காகக் காத்தே கிடக்கும். ஆதலின் கூவலைக் குறித்துவைத்து, செவி திறந்தவுடன் சொல்லுதலே முறை. 2005-இல் இன்டெல் செயலிகளில் வந்த வி.டி.-எக்ஸ் அமைப்பில், அக்கணத்தை மேற்பார்வை நிரலுக்கு அறிவிக்கவே தனி ஏற்பாடு உண்டு.

ஆயினும் ஓரிடத்தில் இடறுதல் மிக எளிது. வேலை யாதும் இல்லையேல், இன்டெல் வகை உட்பொறி எஸ்.டி.ஐ. என்னும் ஆணையாற் செவியைத் திறந்து, அடுத்த எச்.எல்.டி. ஆணையால் உறங்கும். இரண்டற்கும் இடையே கூவல் புகுந்து முடிந்துவிட்டால் என்னாம்? எழுப்பவேண்டிய செய்தி உறக்கத்துக்கு முன்னரே வந்து போயிற்று. பின்னர் எழுப்புவார் யார்? இதற்கஞ்சியே, மூடிய செவியை எஸ்.டி.ஐ. திறந்தால், அடுத்த ஓர் ஆணை முடியுமட்டும் குறுக்கீடு புகாதென்று அச்செயலியை வகுத்தோர் விதித்தனர். மேற்பார்வை நிரல் எழுதுவோர் இந்த ஓராணைப் பொழுதையும் பேணுதல் வேண்டும். பேணாவிடின், நாளெல்லாம் நன்றாக ஓடிய பொறி என்றோ ஒருநாள் காரணந் தெரியாமல் நின்றுவிடும். மீண்டும் ஓட்டிப் பார்த்தாலோ பிழை முகங்காட்டாது. இத்தகைய பிழையைத் தேடுவோர் பாடு பெரும்பாடு!

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி என்னும் செயலி வேறு வழி செல்கின்றது. அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் விதிகளில் உறக்க ஆணை டபிள்யூ.எஃப்.ஐ. எனப்படும். பொதுச்செவி அடைத்திருப்பினும், தனியே அனுமதி பெற்ற கருவி கூவினால் உறங்கும் செயலி எழும். ஆகவே செவியை மூடியபடியே வேலை உண்டோவென நோக்கி, இல்லையேல் உறங்கி, எழுந்தபின் திறக்கலாம். ஓராணைப் பொழுதென்னும் காவல் இங்கு வேண்டுவதில்லை. இதுவே நேரிய வழியென எமக்குத் தோன்றுகிறது. எனினும், உட்பொறியின் செவி மூடியுள்ளதே என்றெண்ணி மேற்பார்வை நிரல் அதனை எழுப்பாது விடுமாயின், இங்கும் அந்த மீளா உறக்கமே வாய்க்கும்.