தொலைந்த பெயரை மீட்ட ஒயின்

பக்கத்து வீட்டுக்காரர் உலகப் புகழ் பெற்றவராக இருப்பதில் சங்கடங்கள் உண்டு. பிளாரன்ஸ் நகருக்கு மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள இத்தாலிய ஊரான கார்மின்யானோவுக்கு இது நன்றாகவே தெரியும். டஸ்கனியின் சிவப்பு ஒயின் என்றதும் எல்லோரும் சொல்வது கியாந்தியைத்தான்.

ஆனால் பரம்பரைப் பெருமையில் கார்மின்யானோ சளைத்ததல்ல. 1716இல் டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ தெ மெடிச்சி, நான்கு ஒயின் பகுதிகளுக்கு எல்லை வகுத்து ஆணையிட்டார். கியாந்தி அதில் ஒன்று, கார்மின்யானோ இன்னொன்று. (நம் டார்ஜிலிங் தேயிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2004இல்தான்.)

அந்தப் பெயர் 1932இல் பறிபோனது. அரசு புதிதாக எல்லை வகுத்தபோது, கார்மின்யானோ கியாந்தியின் துணைப் பகுதி ஒன்றில் கரைக்கப்பட்டது. இழப்பு பெயரோடு நிற்கவில்லை. சிவப்பு ஒயினான கியாந்தியில் வெள்ளைத் திராட்சையும் கட்டாயம் சேர வேண்டும் என்றன 1967 விதிகள். கார்மின்யானோவின் அடையாளமோ வேறு: உள்ளூர் சாஞ்சியோவேசேயுடன் கொஞ்சம் கபெர்னே. மெடிச்சிகள் காலத்தில் பிரான்சிலிருந்து வந்ததாக உள்ளூரில் சொல்லப்படும் இந்த ரகத்துக்கு அங்கே 'பிரெஞ்சுத் திராட்சை' என்றே பெயர்.

கப்பெட்சானா பண்ணையின் உகோ கொந்தினி பொனகோசி முன்னின்று போராட, 1975இல் தனி அங்கீகாரம் திரும்பியது. 1990இல் இத்தாலியின் மிக உயர்ந்த ஒயின் தகுதியும் சேர்ந்தது. எழுபதுகளில் டஸ்கனியின் மற்ற இடங்களில் கபெர்னே கலந்தவர்கள், விதிக்குள் அடங்காததால் தங்கள் விலையுயர்ந்த ஒயினைச் 'சாதாரண மேசை ஒயின்' என்று விற்க வேண்டியிருந்தது. இங்கே அதுவே சட்டம்.

இன்றைய விதிகள் கறாரானவை. சாஞ்சியோவேசே குறைந்தது பாதி. கபெர்னே 10 முதல் 20 சதவீதம். ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் விளைச்சல் கூடாது. ஓக் அல்லது செஸ்ட்நட் மரப் பீப்பாயில் எட்டு மாதமாவது ஊற வேண்டும். 'ரிசர்வா' என்ற உயர் ரகம் அறுவடைக்குப் பின் மூன்றாம் ஆண்டு செப்டம்பர் 29க்கு முன் கடைக்கு வரக் கூடாது. அது ஊரின் காவல் புனிதர் மிக்கேலின் திருநாள்.

தோட்டங்கள் கியாந்தியின் உட்பகுதிக் குன்றுகளைவிடத் தாழ்வானவை. பழம் நன்கு கனிவதால் புளிப்பு சற்று அடங்கியிருக்கும். துவர்ப்புக்கும் நிறத்துக்கும் கபெர்னே பொறுப்பு. நல்ல ஆண்டுகளின் ஒயின் பத்து, இருபது வருடம் தாங்கும்.

அவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்கு, அதே தோட்டங்களின் இளைய ஒயின் பார்க்கோ ரெயாலே இருக்கிறது. மெடிச்சிகள் மதில் எழுப்பி வளைத்திருந்த வேட்டைக்காட்டின் பெயர் அது.