பனையை வெட்ட ஒரு மனு

தம் நிலத்தில் நிற்கும் தம் மரத்தை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டுமா என்று வியப்போர் இன்றும் பலர். அவர்கள் வியப்பதில் பிழை இல்லை. நம் திருக்கழுக்குன்றத்திலிருந்து கிழக்கே சதுரங்கப்பட்டினம் நோக்கிச் சென்றால் மணற்பாங்கான கடற்கரை ஊர்களில் சவுக்குத் தோப்புகளைக் காணலாம். உழவர் சவுக்கை நடுகிறார்; நான்கைந்து ஆண்டுகள் வளர்க்கிறார்; வெட்டி வண்டியேற்றி விற்கிறார்; மீண்டும் நடுகிறார். வெட்டுவதற்கென்றே வளர்த்த மரம் அது. சவுக்கை வெட்டிப் பழகிய கை, வரப்பில் நிற்கும் பனையின் மேலும் கோடரியை வைக்க எண்ணுவது இயல்பே. ஆயினும் சவுக்கும் பனையும் ஒரு தன்மையன அல்ல. அந்த வேறுபாடு விளங்கினாலன்றி, அனுமதி என்பது வெறும் அலுவலகத் தொல்லையாகவே தோன்றும். ஆதலின் முதற்கண் மரத்தைப் பற்றியும், பின்னர் மனுவைப் பற்றியும் சொல்ல விழைகின்றேன்.

வேம்பின் கிளையைக் கழித்தால் அது மறுபடியும் தழைக்கும். பூவரசையும் முருங்கையையும் வெட்டி நட்டாலும் துளிர்க்கும். பனைக்கோ கிளையும் இல்லை, மறுதுளிரும் இல்லை. உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது போயிற்றென்றால் மரமே போயிற்று. அடியிலிருந்து பக்கக் கன்று விடும் வழக்கமும் பனைக்குக் கிடையாது. கொட்டையிலிருந்துதான் அது பிறக்க வேண்டும். மண்ணில் விழுந்த கொட்டை முளைத்தவுடன் மேலே வருவதில்லை. முதலில் கீழ்நோக்கிக் கிழங்கை இறக்குகின்றது. பின்னர் ஓரிரண்டு ஓலை வெளிவரும். அடிமரம் என்று சொல்லத்தக்க ஒன்று கண்ணுக்குப் புலனாகவே பல ஆண்டுகள் செல்லும். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழிந்து பாளை விடும்பொழுதுதான் அஃது ஆண்பனையா பெண்பனையா என்பதே தெரியும். நாற்பது வயதில் ஒருவர் கொட்டை ஊன்றினால், நுங்கு வெட்டுகிற காலத்தில் அவருக்கு அறுபது நெருங்கியிருக்கும். ஓர் அறுப்பு வாளுக்கு அந்த மரத்தை வீழ்த்தக் கால் மணிக்கும் குறைந்த நேரமே வேண்டும்.

செங்கற்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று அழைப்பதுண்டு. இங்குள்ள பழைய ஏரிக்கரைகளைப் பாருங்கள்; பனை இல்லாத கரை அரிது. தென்னையைப் போலவே பனைக்கும் ஆணிவேர் இல்லை. அடியிலிருந்து எழும் எண்ணற்ற சல்லி வேர்கள் மண்ணைக் கவ்விப் பிடிக்கின்றன. கரை கரையாமல் இருக்க இதைவிடச் செலவில்லாத வழியை நம் முன்னோர் கண்டிலர். பறவைகளுக்கும் அது வீடு. பனை உழவாரன் என்னும் சிறு பறவை பனையோலையின் அடிப்புறத்திலேயே தன் கூட்டை ஒட்டி வைக்கின்றது. பறவையைப் பற்றிப் பேசும்பொழுது நம் ஊர்க்காரர்க்கு ஒரு நினைவு எழாமல் இராது. நண்பகலில் மலைமேல் வந்து அமுது உண்ட கழுகுகளைக் காண எங்கிருந்தெல்லாமோ மக்கள் வந்தனர். சென்ற நூற்றாண்டு முடிவதற்குள் அவற்றின் வரவு நின்றுபோயிற்று. இன்று பெயரில் மட்டும் கழுகு இருக்கின்றது.

பனைகள் குறைவதற்குக் காரணம் ஒன்றன்று. 1987 முதல் தமிழகத்தில் கள் இறக்குவதற்குத் தடை உள்ளது. பதநீர் இறக்கலாம் எனினும், மரம் ஏறுவோர் அருகிவிட்டனர். ஏறுவாரற்ற மரம் உழவர்க்கு வருவாய் தருவதில்லை. அதன் நிழலில் பயிர் சோர்கிறது என்ற மனக்குறை மட்டும் எஞ்சுகின்றது. அந்நேரத்தில் செங்கற்சூளைக்காரர் வந்து மரத்திற்குச் சில நூறு ரூபாய் தருவதாகச் சொன்னால் கொடுத்துவிடுகிறார். மனைப் பிரிவு போடுவோர்க்கும் சாலையை அகலப்படுத்துவோர்க்கும் பனை இடையூறாக நிற்கின்றது. உழவரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது.

பனை நம் மாநில மரம். 1978ஆம் ஆண்டு அப்பெருமை அதற்கு அளிக்கப்பட்டது. பெருமை வேறு, பாதுகாப்பு வேறு என்பதை அடுத்து வந்த நாற்பது ஆண்டுகள் காட்டின. 2021 ஆகஸ்டு 14ஆம் நாள் சட்டப்பேரவையில் முதன்முறையாகத் தனியே வைக்கப்பட்ட வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், பனை வளர்ப்புக்கென ஒரு திட்டமும், 30 மாவட்டங்களில் 76 இலட்சம் பனை விதைகளும் ஓர் இலட்சம் கன்றுகளும் வழங்குவதும் அறிவிக்கப்பட்டன. தவிர்க்க இயலாத காரணத்தால் பனையை வெட்ட நேரின் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெறல் வேண்டும் என்பதும் அதிலேயே சொல்லப்பட்டது. 2025ஆம் ஆண்டு வந்த அரசாணை இதற்கு நடைமுறை வகுத்தது. வட்டார அளவிலும் மாவட்ட அளவிலும் குழுக்கள் அமைக்கப்பட்டன. விண்ணப்பத்தைக் கைப்பேசியில் உழவன் செயலி வழியாக அனுப்புமாறு செய்யப்பட்டது. வெட்டும் ஒவ்வொரு மரத்திற்கும் பத்துக் கன்றுகள் நட்டு வளர்க்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

இஃது உலகில் புதுமையும் அன்று. இலங்கையில் 1951ஆம் ஆண்டிலேயே மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. பலா, ஈரப்பலா ஆகியவற்றோடு பெண்பனையையும் அச்சட்டம் காக்கின்றது. காய்க்கும் மரம் என்பதே அங்கே அளவுகோல். இங்கிலாந்தில் 1947ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டம் முதற்கொண்டு, குறிப்பிட்ட ஒரு மரத்தையோ தோப்பையோ காப்பதற்கு உள்ளூராட்சி மன்றம் ஆணை பிறப்பிக்கலாம். அத்தகைய மரத்தின் ஒரு கிளையைக் கழிப்பதற்கும் உரிமையாளர் எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மரம் நோயுற்றது என்றோ சுவரைப் பெயர்க்கிறது என்றோ சொன்னால் சான்று இணைக்க வேண்டும். மன்றம் முடிவு சொல்ல எட்டு வாரம் தவணை. நம் நாட்டிலும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளுக்கு 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அங்கும் குழுவின் அனுமதியின்றி மரத்தில் கை வைக்க இயலாது.

மனு எழுதப் புகுமுன் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும். மரம் எது? நிலம் யாருடையது? சந்தனம் என்றால் தம் பட்டா நிலத்தில் நின்றாலும் உரிமையாளர் தாமே வெட்டி விற்க முடியாது. வன அலுவலரை அணுக வேண்டும். ஏரிக்கரை, சாலையோரம், பள்ளி வளாகம் போன்ற பொது இடத்து மரமாயின் அது நம் மரம் அன்று. அதற்கென 2021ஆம் ஆண்டு ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழுக்கள் அமைக்கப்பட்டுள்ளன. கோயில் நிலத்தில் நிற்பதாயின் கோயில் நிருவாகமும் அறநிலையத் துறையும் அறியாமல் ஒன்றும் செய்தல் ஆகாது. நம் ஊர் போன்ற திருத்தல ஊர்களில் இதனை முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. குத்தகைக்கு உழுபவர் பலர் மரத்தையும் குத்தகையில் சேர்ந்ததாகவே கருதிவிடுகின்றனர்.

பட்டா நிலத்துப் பனை என்று தெளிந்த பின்னரே நம் மனு. பள்ளியில் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்பித்தபொழுது நான் ஒன்றை வற்புறுத்துவதுண்டு: படிப்பவர் அந்த இடத்தைக் கண்டவர் அல்லர் என்பதை மறவாதே. இங்கும் அதுவே விதி. ஊர், வட்டம், புல எண், பட்டா எண் ஆகியவற்றைப் பிழையின்றிக் குறிக்க வேண்டும். நிலத்தில் மொத்தம் எத்தனை பனை, அவற்றுள் வெட்ட வேண்டுவன எத்தனை, அவை எங்கே நிற்கின்றன என்பதைச் சிறு வரைபடத்தால் காட்டலாம். மரத்தின் அடியும் முடியும் தெரியும்படி ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொள்வது நலம். சரிந்து நிற்கும் மரமாயின், வீடு அல்லது மின்கம்பி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதும் படத்தில் தெரிய வேண்டும். இவை எளியன. கடினமானது காரணம் என்னும் ஒரு வரி.

என்னிடம் படித்த ஒருவர், இப்பொழுது சிறு நிலத்திற்கு உடையவர், சில திங்களுக்கு முன் வந்தார். “ஐயா, வரப்பில் ஏழு பனை நிற்கிறது. வெட்ட மனு எழுதித் தர வேண்டும்” என்றார். “காரணம் என்ன எழுதட்டும்?” என்றேன். இடையூறு என்றார். “எதற்கு இடையூறு?” களம் போட வேண்டும் என்றார். களத்தை வரைந்து காட்டச் சொன்னேன். வரைந்தார். அதனுள் வந்தவை மூன்று மரங்களே. களத்தைக் கிழக்கே பத்தடி தள்ளினால் என்ன என்று கேட்டபொழுது, சற்று நேரம் தாளையே பார்த்திருந்துவிட்டு, ஒரு மரம்தான் இடிக்கும் என்றார். அந்த மரமோ புயலில் குருத்து முறிந்து நின்ற பட்டமரம். அதற்கு மட்டும் எழுதினோம். “மற்ற ஆறும் இருந்துவிட்டுப் போகட்டும், ஐயா, சூளைக்காரரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்” என்று சொல்லிச் சென்றார். சூளைக்காரரைப் பற்றி அதுவரை அவர் வாய் திறக்கவில்லை.

அலுவலரின் பார்வையிலும் இவ்வாறே நிகழ்கின்றது. இடத்தைப் பார்வையிட வருவோர் முதலில் கேட்பது, வேறு வழி இல்லையா என்பதே. அதற்கு விடையை மனுவிலேயே எழுதிவிட்டால் காலதாமதம் குறையும். கைப்பேசிச் செயலி பழக்கமில்லாத முதியோர் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் சென்று கேட்கலாம். கூலிக்கு மனு எழுதுவோரிடம் பணம் கொடுத்து, எல்லார்க்கும் பொருந்தும் நான்கு வரியை வாங்கிக் கொடுப்பதில் பயன் இல்லை.

காவோலையைக் கழிப்பது மரத்தை வெட்டுவதாகாது; அது மரத்திற்கு நன்மையே. ஆனால் ஓலை கழிக்கிறேன் என்று குருத்தின் பக்கம் அரிவாளைக் கொண்டுபோகலாகாது. அடியில் குப்பையைக் குவித்துத் தீயிட்டு, மரம் பட்ட பிறகு, பட்டுப்போன மரம் என்று மனுக் கொடுக்கும் தந்திரமும் சில இடங்களில் நடக்கின்றது. கரிந்த அடிமரமே சாட்சி சொல்லும். பார்வையிட வருவோர் அதைக் காணாமல் போவதில்லை.

அனுமதி கிடைத்துவிட்டது என்று கொள்வோம். மரத்திற்குப் பத்துக் கன்று என்னும் கடமை எஞ்சுகின்றது. பனங்கன்றைப் பெயர்த்து நடுவது எளிதன்று. கிழங்கு ஆழத்தில் இருப்பதால் சிறிது முறிந்தாலும் கன்று வாடும். ஆதலின் நிற்கப்போகும் இடத்திலேயே கொட்டையையும் ஊன்றி வைப்பது நலம். ஆவணி புரட்டாசியில் பழம் விழும். விழுந்த பழத்தின் கொட்டையைப் பொறுக்கி, ஐப்பசி மழைக்கு முன் வரப்பிலோ வேலி ஓரத்திலோ பத்தடிக்கு ஒன்றாகப் புதைக்கலாம். மேலே மின்கம்பி செல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடு மிதிக்காமல் இரண்டு கோடை கடந்துவிட்டால் பிறகு தண்ணீரும் வேண்டா. தைத் திங்களில் கிழங்கு பிடுங்கும்பொழுது பிள்ளைகள் இவற்றையும் சேர்த்துப் பிடுங்கிவிடாமல், பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்தல் வேண்டும்.