ஏரிக் கணக்கும் லாம்டாவும்

சென்னை மாநகருக்குக் குடிநீர் தரும் ஏரிகள் எவ்வளவு நீர் கொள்ளும் தெரியுமா? மில்லியன் கன அடியில் சொன்னால் பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, நம் கும்மிடிப்பூண்டிக்கு அருகே 2020-இல் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை-தேர்வாய் கண்டிகை 500. ஆக மொத்தம் 11,757. இந்த ஐந்து எண்களைக் கொண்டே பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியின் ஓர் அழகிய வசதியை விளக்கிவிடலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு அக்காமார் படிக்கும் மொழி அது.

மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகள் மட்டும் எத்தனை டி.எம்.சி. கொள்ளும் என்று ஒருவர் கேட்கிறார். 'ஃபில்ட்டர்' என்பது சல்லடை. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் மூன்றையும் சலித்துத் தருகிறது. 'மேப்' அவை ஒவ்வொன்றையும் ஆயிரத்தால் வகுக்கிறது. 'ரெடியூஸ்' அனைத்தையும் கூட்டி 10.176 என்று ஒரே விடையாகச் சுருக்குகிறது. 'ஆயிரத்தால் வகு' போன்ற சின்னஞ்சிறு வேலைக்குத் தனிப்பெயர் சூட்ட வேண்டாம். 'லாம்டா' என்று தொடங்கி எழுதினால் போதும். அலோன்சோ சர்ச் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1930-களில் கையாண்ட கிரேக்க எழுத்து இது.

சிறிய ஏரிகளைப் பட்டியலிலிருந்தே அழித்துவிட்டுக் கூட்டினாலும் இதே விடை வருமே என்பீர்கள். வரும். ஆனால் அடுத்து வருபவர் அதே பட்டியலில் மொத்தக் கொள்ளளவைக் கேட்டால் 11,757-க்குப் பதில் 10,176 என்று வரும்! 1,581 மில்லியன் கன அடி காணாமற்போயிருக்கும். பிழை என்று கணிப்பொறி ஒரு சொல்லும் சொல்லாது. சல்லடை முறையிலோ மூலப் பட்டியல் அப்படியே இருக்கிறது. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தந்து, வெளியிலுள்ள எதையும் மாற்றாதிருப்பதைத் 'தூய செயற்கூறு' என்பர். பைத்தான் இதைக் கட்டாயப்படுத்துவதில்லை. எழுதுபவர்தாம் கவனமாக இருக்க வேண்டும்.

பைத்தானை நெதர்லாந்து நாட்டவரான கீடோ வான் ராசம் 1991-இல் வெளியிட்டார். இந்நான்கும் 1994-இல் வந்த முதற்பதிப்பில் சேர்ந்தன. அவருக்கோ இவற்றின்மீது அத்தனை பிரியமில்லை. புதிய பதிப்பில் நீக்கிவிடலாம் என்று 2005-இல் எழுதினார். பலர் இவற்றை விரும்பினர். 2008-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது ரெடியூஸ் மட்டும் 'ஃபங்க்டூல்ஸ்' என்னும் தனிப்பெட்டிக்குப் போயிற்று, மற்றவை தப்பின. கூட்டுவதற்கு 'சம்' என்ற எளிய சொல் இருக்கையில் ரெடியூசைத் தேடிப் போவானேன் என்றே எனக்கும் தோன்றுகிறது. சல்லடையை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

— மாணவி, பத்தாம் வகுப்பு