பக்கத்துக் கடை பகைக் கடையா?

நாம் விற்கும் அதே சரக்கோடு அடுத்த கதவில் இன்னொரு கடை திறக்கப் போகிறது என்று கேள்விப்பட்டால், அன்றிரவு நமக்குத் தூக்கம் வராது. ஆனால் ஜப்பானில் ஓரிடத்தில் எட்டுக் கடைகள் ஒரே தொழிலை அருகருகே நடத்துகின்றன. அதைச் சற்றுப் பார்ப்போம்.

டோக்கியோ ரயில் நிலையத்தில் நாள்தோறும் பல லட்சம் பேர் ஏறி இறங்குகிறார்கள். அதன் யாயெசு பக்கத்தில், தரைக்குக் கீழே உள்ள கடைவீதியில் 'டோக்கியோ ராமென் ஸ்ட்ரீட்' இருக்கிறது. கோதுமை நூடுல்ஸைச் சூடான சாற்றில் போட்டுத் தருவதே ராமென். 2009ல் நான்கு கடைகளுடன் தொடங்கிய இவ்வீதி 2011ல் எட்டுக் கடைகளாயிற்று.

எட்டும் ராமென் கடைதான். ஆனால் சாறு வேறு வேறு. உப்புச் சாறு, சோயா சாறு, மிசோ சாறு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கைமணம். 'ராமென் வேண்டுமா, அங்கே போ' என்று பெயர் பரவிவிட்டதால், ஒரு கடையில் கூட்டம் என்றால் வந்தவர் அடுத்த கடைக்குப் போகிறாரே தவிர, வெறுங்கையோடு திரும்புவதில்லை. முதலில் இயந்திரத்தில் பணம் செலுத்திச் சீட்டு வாங்க வேண்டும், பிறகுதான் சாப்பாடு. கடன் பாக்கி என்ற பேச்சே இல்லை.

இங்கே நீண்ட வரிசை நிற்பது 'ரொக்குரின்ஷா' கடையில். நூடுல்ஸ் தனியாக, கெட்டிச் சாறு தனியாக. தோய்த்துச் சாப்பிட வேண்டும். 2005ல் ஒசாகி பகுதியில் தொடங்கிய முதல் கடையை 2010ல் மூடினார்கள். காரணம் நஷ்டமல்ல, வரிசையால் அக்கம்பக்கத்தாருக்கு ஏற்பட்ட தொந்தரவு! வாடிக்கையாளர் மட்டுமல்ல, அண்டை வீட்டாரும் நமக்கு வேண்டியவர்கள் என்பதை மறக்கலாகாது.

பெரும்பாலான ராமென் சாற்றில் பன்றி எலும்போ கோழியோ மீனோ சேரும். சைவர்கள் அதே நிலையத்தில், டிக்கெட் வாசலுக்கு உள்ளே கேயோ ஸ்ட்ரீட்டில் உள்ள 'டீஸ் டான்டான்' கடையை நாடலாம். எள் சேர்த்த சாறு; இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பிறர் கவனிக்காத வாடிக்கையாளரைக் கவனித்ததே அக்கடையின் முதல்.

எல்லாம் இனிப்புச் செய்தி என்று எண்ண வேண்டாம். ஒரு கிண்ணம் 1,000 யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் தயங்குவார் என்று ஜப்பானில் பல காலமாக ஓர் அச்சம் உண்டு. அதை '1,000 யென் சுவர்' என்கிறார்கள். மாவு, இறைச்சி, மின்சாரம், கூலி எல்லாம் ஏறியும் விலையை ஏற்றத் துணியாத சிறு கடைகள் பல நொடித்துப் போயின. 2024ல் திவாலான ராமென் கடைகளின் எண்ணிக்கை அதற்கு முன் காணாத அளவு.

ஆகவே, பக்கத்துக் கடையைப் பார்த்து விலையைக் குறைத்துக்கொண்டே போவது வழியல்ல. நம்மிடம் மட்டும் கிடைப்பது எது என்று நாமே கேட்டுக்கொள்வோம். அதற்குப் பதில் இருந்தால், பக்கத்துக் கடைக்கு வரும் கூட்டமும் நமக்கு வரவே.